தரங்கம்பாடிக்கு எந்த பஸ் போகும்?

தமிழ்நாட்டுச் சுற்றுலா விளம்பரங்களில் தரங்கம்பாடிக் கோட்டைக்கு நிச்சயம் ஓர் இடம் உண்டு. கடலைப் பார்த்து நிற்கும் அந்தக் கட்டடத்தின் படத்தைப் பார்த்து யாருக்கும் ஆசை வரும். ஆனால், கார் இல்லாத ஒருவர் அந்த ஊருக்கு எப்படிப் போய்ச் சேர்வார், சேர்ந்த பிறகு கைப்பெட்டியை எங்கே வைப்பார், பொழுது சாய்ந்தால் எந்த வண்டியில் திரும்புவார் என்பதை அந்த விளம்பரங்கள் சொல்வதில்லை. தரங்கம்பாடிக்கு மட்டும் நேர்ந்த குறை அல்ல இது. சின்ன ஊர்களின் சுற்றுலா பற்றிப் பேசும்போதெல்லாம் கோட்டை, கோயில், கடற்கரை, விடுதி என்றுதான் பேசுகிறோம். வழியைப் பற்றிப் பேசுவதில்லை. வெளியூர்க்காரர் எப்படி வருகிறார், வந்த பின் எப்படி நடமாடுகிறார் என்று யோசிக்காமல் ஒரு சின்ன ஊரில் சுற்றுலா வளராது. அப்படி யோசித்துச் செய்கிற ஒவ்வொரு காரியமும் அந்த ஊர்க்காரருக்கே முதலில் பயன்படும் என்பதால்தான் இதைத் தரங்கம்பாடியை வைத்து விரிவாகச் சொல்ல நினைக்கிறேன்.

வரைபடத்தில் பார்த்தால் தரங்கம்பாடி ஒதுக்குப்புறமான ஊர் அல்ல. சிதம்பரம், சீர்காழி வழியாகக் காரைக்கால், நாகப்பட்டினம் செல்லும் கடலோர நெடுஞ்சாலை ஊரின் ஓரத்திலேயே போகிறது. மேற்கே சுமார் 30 கிலோமீட்டரில் மயிலாடுதுறை. தெற்கே சுமார் 15 கிலோமீட்டரில் காரைக்கால். வடக்கே எட்டு கிலோமீட்டர் போனால் திருக்கடையூர், இன்னும் கொஞ்சம் போனால் பூம்புகார். காரைக்காலைத் தாண்டினால் நாகூர், வேளாங்கண்ணி; உள்ளே திரும்பினால் திருநள்ளாறு. அபிராமியைப் பார்க்கவும், சனீஸ்வரனைக் கும்பிடவும், நாகூர் ஆண்டவருக்கும் வேளாங்கண்ணி மாதாவுக்கும் நேர்ந்துகொண்டும் ஜனங்கள் ஆண்டு முழுக்க இந்தச் சாலையில் போய்க்கொண்டே இருக்கிறார்கள். இவ்வளவு நடமாட்டத்துக்கு நடுவில் இருந்தும் தரங்கம்பாடியில் இறங்குகிறவர்கள் குறைவு. இறங்க நினைப்பவர்களுக்கும் எங்கே இறங்குவது என்று தெரிவதில்லை.

முன்பு ரயில் இருந்தது. 1926-ல் மயிலாடுதுறையிலிருந்து (அன்று மாயவரம்) தரங்கம்பாடிக்கு மீட்டர் கேஜ் பாதை போட்டார்கள். மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் என்று ஊர் ஊராக நின்று, கடலுக்கு அருகே வந்து முடிகிற பாதை. 1980-களின் நடுவில் அது நிறுத்தப்பட்டது. வருமானம் இல்லை என்பதுதான் இப்படிப்பட்ட கிளைப்பாதைகளை மூடும்போது சொல்லப்படும் காரணம். அந்தக் கணக்கில் ரயில்வேயின் வரவும் செலவும்தான் இருக்கும்; ரயில் நின்றதால் ஊர் இழந்தது எவ்வளவு என்பது இருக்காது. அதே காலத்தில் மூடிய பேரளம்–காரைக்கால் பாதையை இப்போது மீண்டும் போட்டுவிட்டார்கள். தரங்கம்பாடிப் பாதைக்கான கோரிக்கை மட்டும் கோரிக்கையாகவே இருக்கிறது.

ரயில் ஒரு ஊரை என்ன செய்யும் என்பதற்கு வெகு தூரத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. டென்மார்க் நாட்டவர் இந்தியாவில் வைத்திருந்த முக்கிய இடங்கள் இரண்டு. ஒன்று தரங்கம்பாடி. 1620-ல் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கருடன் ஒப்பந்தம் செய்துகொண்டு இங்கே கோட்டை கட்டினார்கள். மற்றொன்று, ஹூக்ளி ஆற்றங்கரையில் 1755-ல் தொடங்கிய ஸ்ரீராம்பூர். இரண்டையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு 1845-ல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விற்றுவிட்டுப் போனார்கள். ஒன்பதே ஆண்டுகளில், 1854-ல், ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்கு ரயில் ஓடியது. ஸ்ரீராம்பூர் அந்தப் பாதையில் வந்தது. இன்று ஹவுராவில் புறநகர் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் அங்கே இறங்கிவிடலாம். பழைய டென்மார்க் டேவர்ன் கட்டடத்தைச் சீரமைத்து 2018-ல் திறந்தபோது, கொல்கத்தாவின் கல்லூரி மாணவர்கூட ஒரு மாலை நேரத்தில் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வரக்கூடிய இடமாக அது ஆனது. கொல்கத்தா பக்கத்தில் இருப்பதை மறந்துவிட்டு ஒப்பிடக் கூடாதுதான். ஆனாலும், ஒரே அரசர், ஒரே விற்பனைப் பத்திரம், ஒரே விதமான தூண்கள். ஒன்றுக்கு டிக்கெட் எடுத்துப் போகலாம். மற்றதற்கு வண்டி அமர்த்த வேண்டும்.

இன்று தரங்கம்பாடிக்குப் போக நினைக்கும் வெளியூர்க்காரரின் பயணம் பெரும்பாலும் மயிலாடுதுறை சந்திப்பில் தொடங்கும். சோழன், உழவன் என்று சென்னையிலிருந்து வரும் ரயில்கள் அங்கே நிற்கின்றன. சந்திப்பிலிருந்து பேருந்து நிலையம் பெட்டியோடு நடக்கிற தூரத்தில் இல்லை. ஆட்டோ பிடிக்க வேண்டும், அல்லது நகரப் பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும். பேருந்து நிலையத்துக்கு வந்த பிறகுதான் உண்மையான குழப்பம். தமிழ் படிக்கத் தெரிந்தவருக்கே அது எளிதல்ல. பேருந்தின் முன்பலகையில் போய்ச் சேரும் ஊரின் பெயர் இருக்கும். நடுவில் உள்ள ஊர் இருக்காது. பொறையார் என்று எழுதியிருக்கும், காரைக்கால் என்று எழுதியிருக்கும், சிதம்பரம் பக்கமிருந்து வருவதில் நாகப்பட்டினம், வேளாங்கண்ணி என்று எழுதியிருக்கும். தரங்கம்பாடியைத் தேடுகிறவர் பலகைகளைப் பார்த்துக்கொண்டே நின்றால் தனக்கான வண்டிகள் தன் முன்னாலேயே புறப்பட்டுப் போவதைப் பார்க்கலாம்.

கேட்டால் சொல்வார்கள். அதில் நம் ஊர்களுக்கு இணை கிடையாது. “அண்ணே, இது தரங்கம்பாடி போகுமா?” என்றால், கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே தலையை ஆட்டிப் படியைக் காட்டுவார். பின் இருக்கையில் இருக்கும் அம்மா, “கோட்டைக்கா? ஆர்ச்சு தெரியும், அங்க எறங்குங்க, நான் சொல்றேன் உக்காருங்க” என்று பொறுப்பை ஏற்றுக்கொள்வார். இந்த அக்கறையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால், ஓர் அமைப்பு செய்ய வேண்டிய வேலையை அந்த அம்மாவின் நல்ல மனசின் தலையில் கட்டிவிடுவது நியாயமில்லை. கேட்கத் தெரியாத வடநாட்டுப் பயணி, காது கேளாதவர், கூச்ச சுபாவமுள்ள பெண், முதல் முறை தனியாக ஊர் சுற்றக் கிளம்பிய இருபது வயதுப் பிள்ளை ஆகியோருக்கு ஒரு பலகை வேண்டும். எந்தெந்த ஊருக்கு எந்தத் தடம், முதல் வண்டி எப்போது, கடைசி வண்டி எப்போது என்று சுவரில் பெயின்ட்டால் எழுதிவைக்கும் பழக்கம் நம் பேருந்து நிலையங்களில் இருந்ததுதானே? பல இடங்களில் அந்தச் சுவரை விளம்பரம் மறைத்துவிட்டது. டைம் கீப்பர் உட்காரும் கூண்டு இருக்கிறது. அவர் நோட்டில் எல்லா நேரமும் இருக்கிறது. நோட்டில் இருப்பது சுவருக்கு வந்தால் போதும். சென்னையில் மாநகரப் பேருந்து எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று கைபேசியில் பார்க்கும் வசதி வந்துவிட்டது. கைபேசி வசதி மாவட்டங்களுக்கு வரும்போது வரட்டும். பெயின்ட்டும் தூரிகையும் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

நெடுஞ்சாலையை அகலப்படுத்தும்போது சின்ன ஊர்களுக்கு இன்னொரு ஆபத்தும் வருகிறது. விழுப்புரத்திலிருந்து நாகப்பட்டினம் வரை நான்கு வழிச் சாலை அமைக்கும் வேலை பல ஆண்டுகளாக நடக்கிறது. அகலமான சாலை வேண்டியதுதான். இந்தத் தடத்தில் நடந்த விபத்துகளைப் பார்த்தவர் யாரும் மறுக்க மாட்டார். ஆனால், புறவழிச் சாலை திறந்த ஊர்களில் எல்லாம் அடுத்து என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரியும். “ஊருக்குள்ள போகாது, பைபாஸ்ல எறங்கிக்கறதுன்னா ஏறுங்க” என்பார்கள். புறவழிச் சாலை முனையில் நிழற்குடை இருக்காது, விளக்கு இருக்காது. ராத்திரி ஒன்பது மணிக்கு அங்கே இறக்கிவிடப்படுகிறவர் ஊருக்குள் வர, வீட்டிலிருந்து யாராவது பைக் எடுத்து வர வேண்டும். வெளியூர்க்காரருக்கு யார் வருவார்கள்? கார்காரருக்கு இருபது நிமிஷம் மிச்சமாகும் இடத்தில் பேருந்துக்காரருக்கு ஒரு மணி நேரம் கூடுகிறது. சாலை போடும் ஒப்பந்தத்திலேயே முனையில் நிழற்குடையும் விளக்கும், பேருந்து உள்ளே போய்த் திரும்பும் கட்டாயமும் சேர்க்கப்பட வேண்டும். சாலை திறந்த பிறகு மனு கொடுத்து வாங்குகிற விஷயம் அல்ல இது.

தரங்கம்பாடிக்கான பேருந்து நிலையமும் பணிமனையும் இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளிப் பொறையாரில் இருக்கின்றன. அந்தப் பணிமனையைக் குறிப்பிடும்போது 2017 அக்டோபர் 20-ஐக் கடந்துபோக முடியாது. அன்று அதிகாலை, ஓய்வறைக் கட்டடத்தின் கூரை இடிந்து, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த ஓட்டுநர், நடத்துநர் உள்பட 8 போக்குவரத்து ஊழியர்கள் இறந்துபோனார்கள். சுதந்திரத்துக்கு முன்பே கட்டப்பட்ட கட்டடம் அது. அவர்கள் ஏன் அங்கே தூங்கினார்கள் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். இரவு கடைசி டிரிப்பைக் கொண்டுவந்து விட்டவர்களும், விடியற்காலை முதல் டிரிப்பை எடுக்க வேண்டியவர்களும் பணிமனையில்தான் படுப்பார்கள். ஒரு சின்ன ஊருக்கு ராத்திரி வண்டி வருகிறது, விடிவதற்குள் ஒரு வண்டி புறப்படுகிறது என்றால், யாரோ சிலர் வீட்டுக்குப் போகாமல் அங்கே தங்குவதால்தான். ‘கடைசி பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள்’ என்று கோபப்படும் நாம், அந்த வண்டியை ஓட்டிவந்தவர் எங்கே படுத்தார் என்று கேட்டதில்லை. சின்ன ஊர்களுக்கு இரவு வண்டி வேண்டும் என்று கேட்கிற எந்தக் கோரிக்கையிலும், அங்கே தங்கும் பணியாளருக்குப் பத்திரமான கூரை, மின்விசிறி, குளிக்கத் தண்ணீர் என்பது முதல் வரியாக இருக்க வேண்டும்.

இனி ஊருக்குள். நெடுஞ்சாலையிலிருந்து கடலை நோக்கித் திரும்பினால் வெள்ளை நுழைவாயில் வருகிறது. டேனிஷ்காரர்கள் 1792-ல் கட்டியது. ஊர்க்காரர்களுக்கு அது ஆர்ச்சு. அதற்குள் நுழைந்த பிறகு வண்டியே வேண்டாம். ராஜ வீதி நேராகக் கடலுக்குப் போகிறது. 1701-ல் எழுந்த சீயோன் ஆலயம், 1718-ல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம், அதில் பாதிரியார் சீகன்பால்கின் கல்லறை, ஆளுநர் மாளிகை, கடைசியில் கோட்டை. எல்லாம் சாவகாசமாக நடக்கிற தூரம். 1706-ல் கப்பலிலிருந்து இறங்கிய சீகன்பால்கு, சில ஆண்டுகளில் அச்சு இயந்திரம் வரவழைத்துத் தமிழில் நூல்கள் அச்சிட்ட ஊர் இது. தமிழ் எழுத்தை நேசிக்கிற எவரும் ஒரு தடவையாவது நடக்க வேண்டிய தெரு. கோட்டைக்கு வடக்கே, பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலைக் கடல் பாதி தின்றுவிட்டது. மிச்சத்தைக் காக்கக் கல் கொட்டியிருக்கிறார்கள். அந்தக் கற்களின் மேல் உட்கார்ந்து மீனவர்கள் வலை பிரித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். 2004 டிசம்பரில் இதே கரை ஆழிப்பேரலையில் எத்தனையோ உயிர்களைக் கொடுத்தது. இதையெல்லாம் அறிந்துகொள்ள அவகாசம் வேண்டும். வெயில் தாழ்ந்த பிறகு ஒரு முறையும், விடியற்காலையில் ஒரு முறையும் அந்தத் தெருவில் நடந்தால்தான் ஊர் கொஞ்சமாவது பிடிபடும்.

பேருந்தில் வந்தவருக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. காரணம் சாதாரணமானது: தோளில் பை. நான்கைந்து மணி நேரம் பையை வைத்துவிட்டுப் போக இடம் இல்லை. தெரிந்த கடையில் வைக்கலாம் என்றால் தெரிந்த கடை இருக்க வேண்டும். பன்னிரண்டு மணி வெயிலில் பையைச் சுமந்துகொண்டு ராஜ வீதியில் நடப்பவர் கோட்டை வாசலில் நிழல் கண்டதும் உட்கார்ந்துவிடுவார். கோயில் வரை போக மாட்டார். அடுத்தது கழிப்பறை. இதை நாசூக்காகச் சொல்லிப் பயனில்லை. கழிப்பறை இல்லை என்பதற்காகத் தண்ணீர் குடிக்காமலே பயணம் செய்கிற பெண்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். சின்ன ஊருக்கு ஒரு நாள் போய்வரலாம் என்று அம்மாவைக் கூப்பிட்டால் அவர் முதலில் கேட்பது கோட்டையைப் பற்றி அல்ல. சுத்தமான, தண்ணீர் வருகிற, உள்ளே தாழ்ப்பாள் உள்ள ஒரு கழிப்பறையும், சீட்டுக் கொடுத்துப் பை வாங்கி வைக்க ஓர் அறையும் இருந்தால், வந்தவர் ஒரு மணி நேரத்துக்குப் பதில் ஒரு பகல் முழுக்க இருப்பார். மத்தியானம் ஊரிலேயே சாப்பிடுவார்.

இந்தச் சாப்பாட்டுக் கணக்கு முக்கியமானது. திருக்கடையூரில் சஷ்டியப்த பூர்த்தியும் பீமரத சாந்தியும் நடக்காத நாளே கிடையாது. ஒவ்வொரு திருமணத்துக்கும் வேன் வேனாகச் சொந்தக்காரர்கள் வருகிறார்கள். காலையில் விசேஷம் முடிந்ததும் வேனைக் கோட்டைக்குத் திருப்புகிறவர்கள் உண்டு. கோட்டை முன் திடலில் இறங்கிப் படம் எடுத்து, கடலில் கால் நனைத்து, அதே வேனில் ஏறிப் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு ஏற்பாடு அப்படி. ஆனால், அவர்கள் செலவு செய்கிற பணம் திருக்கடையூர் மண்டபத்திலும் வேன்காரரிடமும் நிற்கிறது. பேருந்தில் வருகிறவர் டீக்கடையில் வழி கேட்டு டீ குடிக்கிறார், ஆட்டோ ஏறுகிறார், மெஸ்ஸில் மீன்குழம்பு சாப்பிடுகிறார், இருட்டிவிட்டால் ஊரிலேயே அறை தேடுகிறார். பையில் பணம் குறைவாக இருந்தாலும் அது ஊருக்குள் பத்து கைகளுக்குப் போகிறது. கடற்கரையோரப் பாரம்பரிய விடுதிக்கு வருகிற காரை வரவேற்கிற அளவுக்கு இவரையும் வரவேற்பது ஊருக்கு நல்லது. ஓர் இரவு குறைந்த வாடகைக்குத் தங்க, வீட்டோடு சேர்ந்த சுத்தமான அறைகள் நாலைந்து தெருக்களில் கிடைத்தாலே நிலைமை மாறும்.

சுற்றி இருக்கும் இடங்களைப் பார்க்க என்ன வழி? தரங்கம்பாடி, பொறையார், திருக்கடையூர் எல்லாம் சமவெளி. ஒரு காலத்தில் நம் ஊர்களில் தெருவுக்கு ஒரு வாடகை சைக்கிள் கடை இருந்தது. மட்கார்டில் கடைப் பெயரும் நம்பரும் எழுதிய சைக்கிளை மணிக்கணக்கு நோட்டில் குறித்துக்கொண்டு கொடுப்பார்கள். அறிமுகம் சொல்ல ஒரு ஆள் போதும். அந்தத் தொழில் அழிந்துபோனதில் எனக்குத் தனிப்பட்ட வருத்தம் உண்டு. இப்படிப்பட்ட ஊர்களில் அதை மீண்டும் தொடங்கலாம். பேரூராட்சியோ மகளிர் சுய உதவிக் குழுவோ இருபது சைக்கிளோடு ஆரம்பிக்கட்டும். இன்னொன்று மினி பஸ். கிராமங்களைப் பெரிய சாலையோடு இணைக்க 1997-ல் வந்த திட்டம் அது. 2025-ல் புதிய விதிகளோடு மறுபடி தொடங்கப்பட்டிருக்கிறது. பூம்புகார், திருக்கடையூர், தரங்கம்பாடி, பொறையார் ஆகிய நான்கையும் காலை முதல் மாலை வரை ஒரே வண்டி சுற்றிவந்தால், யாத்திரிகரும் ஏறுவார், பொறையார் டி.பி.எம்.எல். கல்லூரி மாணவரும் ஏறுவார், மீன் கூடையோடு நிற்கும் அம்மாவும் ஏறுவார். ஆட்டோக்காரர்களின் வயிற்றில் அடிக்கிற யோசனை அல்ல இது. ஆர்ச்சிலிருந்து பொறையாருக்கு இவ்வளவு, திருக்கடையூருக்கு இவ்வளவு என்று அவர்கள் சங்கமே பலகை வைத்துவிட்டால் பேரம் பேசப் பயந்து ஆட்டோவையே தவிர்க்கிறவர்களும் ஏறுவார்கள்.

2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆனது. அதற்கு முன், தரங்கம்பாடிக்காரர் ஆட்சியரைப் பார்க்க நாகப்பட்டினம் போக வேண்டும். வழியில் காரைக்கால், அதாவது இன்னொரு ஆட்சிப் பகுதியைக் கடந்துதான் தன் மாவட்டத் தலைநகரை அடைய வேண்டும். இப்போது அந்த அலைச்சல் இல்லை. போக்குவரத்தை ஊர்களின் தேவைக்கு ஏற்ப மாற்றி அமைக்கப் புதிய மாவட்டத்துக்கு நல்ல வாய்ப்பு இது. மயிலாடுதுறை சந்திப்புக்குச் சென்னை ரயில் வந்து சேரும் நேரத்தையும், தரங்கம்பாடிப் பேருந்து புறப்படும் நேரத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க இப்போது ஆட்சியர் அலுவலகத்தால் முடியும். ரயில்வே ஒன்றிய அரசுடையது, பேருந்து மாநில அரசுடையது, காரைக்கால் வண்டிகள் புதுச்சேரியுடையவை. மூன்று தரப்பையும் உட்காரவைக்க ஒருவர் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். ரயில் வந்த அரை மணி நேரத்தில் சந்திப்பு வாசலிலிருந்தே ஒரு பேருந்து கிளம்பி, தரங்கம்பாடி ஆர்ச்சு வரை வந்து, மாலையில் கடைசி ரயிலைப் பிடிக்கும் நேரத்துக்குத் திரும்பட்டும். வார இறுதியில் மட்டும் ஆறு மாதம் ஓட்டிப் பார்க்கட்டும். அதற்கு முன், தரங்கம்பாடிக்கு மறுபடி ரயில் வரும் வரை காத்திருக்காமல், இந்த மாதமே சந்திப்பிலும் மயிலாடுதுறைப் பேருந்து நிலையத்திலும் ஆர்ச்சு நிறுத்தத்திலும் மூன்று நேரப் பலகைகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிவிடலாம். கோட்டையும் அருங்காட்சியகங்களும் எந்தக் கிழமை விடுமுறை, எத்தனை மணிக்கு மூடும் என்பதும் அதே பலகையில் இருக்க வேண்டும். முப்பது கிலோமீட்டர் வந்த பிறகு பூட்டைப் பார்க்க யாருக்கும் நேரக் கூடாது.